எள் ஆகாத பிள்ளை

என் மூத்த மகளுக்கு எது ஆகாது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்ததை ஊரிடமிருந்து ஒளிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும், எனக்கு வேண்டியதுதான்.

அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஒரு நாள் காலையில் இட்லியை நல்லெண்ணெயில் தோய்த்து, சீனி தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலு வாய் வாங்கியவள் உதட்டைச் சொறிந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, மேலெல்லாம் தட்டுத்தட்டாகக் கிளம்பிவிட்டது. மூச்சு வேறு இழுத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். சேலை நழுவியதுகூடத் தெரியவில்லை.

அன்றைக்குத் தானாக அடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தது. சில நாள் லேசாகத் தடித்துப் போகும். சில நாள் உயிர் போய்த் திரும்பும். எதிர்வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். முந்தின நாள் தின்ற கத்தரிக்காய்தான் காரணம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கத்தரிக்காயை வீட்டுப் படி ஏறவிடாமல் நிறுத்தினேன். எண்ணெய் குடித்த நாய் இருக்க எதிரே வந்த நாயை அடித்த கதைதான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

எங்கள் தெரு வைத்தியர் நாடி பார்த்து, காணாக்கடி என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ கடித்தால் உடம்பு இப்படித் தடிக்குமாம். ஒரு தைலம் கொடுத்தார். தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் நெருப்புப் பட்டதுபோலச் சிவந்தது. விஷம் வெளியே வருகிறது, விடாமல் தேய் என்றார். தேய்த்தேனே, பாவி! அந்தத் தைலமே நல்லெண்ணெயில் காய்ச்சியது.

அடுத்து இங்கிலீஷ் ஆஸ்பத்திரி. அங்கே வயிற்றுப்பூச்சி என்று பேதிக்குக் கொடுத்து, ஐந்து நாள் வெறும் கஞ்சி குடிக்கச் சொன்னார்கள். பிள்ளை பளிச்சென்று ஆகிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நோய் தீர்ந்தால் தலைக்கு எண்ணெய் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கமில்லையா? நல்ல நாள் பார்த்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு சொட்டு வாயிலும் விட்டுக் குளிப்பாட்டினேன். சாயங்காலத்துக்குள் பிள்ளை நீலம் பாரித்துவிட்டாள். இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்று தடவையும் அவள் பிழைத்ததைக் கொண்டாடித்தான் அவளைச் சாகக் கிடத்தினேன்.

மேலப்பாளையத்தில் ஒரு ஹக்கீம் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, வண்டி கட்டிக்கொண்டு போனோம். நெசவுக்காரர்கள் தெருவில் ஒரு சின்ன வீடு. வெள்ளைத் தாடி, மெலிந்த உடம்பு. அவர் நாடியும் பார்க்கவில்லை, நாக்கையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"தாயி, கடைசியா வந்த அன்னைக்குப் பிள்ளைக்கு என்னென்ன குடுத்திய? காலையில இருந்து ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"இட்லி குடுத்தேன். பருப்புச்சோறு குடுத்தேன். எல்லாரும் குடுக்கதைத்தான் குடுத்தேன்" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மருந்து கேட்டு வந்தால் சமையல் கணக்கா கேட்பது?

அவர் சிரித்தார். "மருந்து கெடக்கட்டும். ஏழு நாளைக்குப் பச்சரிசிக் கஞ்சி, உப்பு. வேற ஒண்ணும் கூடாது. தலைக்கு எண்ணெயும் கூடாது. எட்டாம் நாள் பருப்பு மட்டும் சேருங்க. அதுக்கு ஏழு நாள் கழிச்சுப் பால். ஏழு நாளைக்கு ஒண்ணு, பைய பையச் சேருங்க. எதைச் சேத்தா வருதோ அதுதான் பிள்ளைக்குச் சத்துரு."

"தலைக்கு எண்ணெய் வைக்காம விட, எம்பிள்ளை என்ன நாதியத்த பிள்ளையா?"

"உசுரோட இருக்கட்டும் தாயி. முடி பொறவு வளரும்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் சொன்னபடி கேட்டேன். பருப்புக்கு ஒன்றும் வரவில்லை. பாலுக்கும் வரவில்லை. நெய், கருப்பட்டி, வாழைக்காய், என் பரம எதிரியான கத்தரிக்காய், எதற்கும் வரவில்லை. ஒன்றரை மாசத்துக்கு மேல் ஒரு தடிப்பு இல்லை. கன்னம் உப்பி, தெருவில் ஓடி விளையாடினாள். மிஞ்சியது எண்ணெய்தான். அதை என் வீட்டில் சேர்க்க வேண்டாம் என்று சொல்லி, ஹக்கீம் தன் கண் முன்னாலேயே பார்த்தார். ஒரு சொட்டு நல்லெண்ணெயைப் பிள்ளையின் முழங்கைக்கு உள்பக்கம் தேய்த்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் காலணா அளவுக்குத் தடித்து எழும்பியது.

"எள்ளுதான். எண்ணெய், பொடி, உருண்டை, எந்த ரூபத்துலயும் கூடாது. இதுக்கு மருந்து கெடயாது தாயி, ஒதுக்கம்தான் மருந்து. பிள்ளை போற எடமெல்லாம் இதைச் சொல்லி அனுப்புங்க." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இது குடும்பத்துல ஓடும். ஒங்க பக்கமா, அவுக பக்கமா? யாருக்காவது இருந்திருக்கணுமே."

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிபட்டுவிட்டது. வண்டி வீடு வந்து சேருவதற்குள் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

"ஏங்க, சொல்லுதியளா மாட்டியளா? ஒங்க வீட்டுல யாருக்கு?"

"அக்காவுக்கு" என்றார், மெதுவாக.

என் நாத்தனார் எள்ளைத் தொடமாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அது நேர்த்திக்கடன் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சின்ன வயதில் காய்ச்சல் கண்டு பிழைத்ததற்காகத் திருச்செந்தூர் முருகனுக்கு எள்ளை விட்டுவிட்டதாகக் கதை. விருந்துக்குப் போனால் எல்லாரும் அவளுக்கென்று தனியாக நெய்யில் தாளித்துக் கொடுப்பார்கள். பக்தி என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொள்வார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாத்தனார் வீட்டுக்குப் போய் நடுவீட்டில் நின்று சத்தம் போட்டேன். "ரெண்டு வருசம் மைனி! எம்பிள்ளை துடிச்சதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்திய? ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

அவள் அழுதாள். "எனக்குத் தெரியலையே. ஒம்பிள்ளைக்கும் அதுதான்னு யாரு கண்டா? எங்கம்மா சாகும்போது சத்தியம் வாங்கிக்கிட்டா. நோய்னு சொன்னா எவனும் கட்டமாட்டான், நேர்த்தின்னு சொன்னா எவனும் கேக்கமாட்டான்னு."

வாயில் வந்தபடி அவளை ஏசிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டுக்காரி பிள்ளைக்கு என்னவாம் என்று கேட்டதும் நான் சொன்ன முதல் பதில் என்ன தெரியுமா? "ஒண்ணுமில்ல. திருச்செந்தூருக்கு நேந்துக்கிட்டோம். எள்ளை விட்டாச்சு."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் சொன்னது ஒரே பொய்தான். அதை அவள் வளர வளரச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அடுத்து எனக்குப் பிறந்ததும் பெண். அதற்கும் எள் ஆகவில்லை. இரண்டு பெண்ணுக்கும் ஒரே நேர்த்தி என்று ஊருக்குச் சொன்னேன்.

மூத்தவளுக்குக் கல்லிடைக்குறிச்சியில் நல்ல இடம் வந்தது. ரயில் போட்ட பிறகு கல்லிடைக்குறிச்சி ஒன்றும் தூரமில்லை. மாப்பிள்ளை சாது. அவன் தாய் அதற்கு மேல் தங்கமானவள், கணவனை இழந்தவள், தனக்குப் பெண் இல்லையே என்று ஏங்கியவள். கல்யாணத்துக்கு முதல் நாள் மகளை உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டே சொன்னேன்.

"ஏட்டி, நேர்த்தின்னே சொல்லு. எந்தக் காலத்துலயும் நோய்னு வாயைத் தொறந்துராத. ஒனக்குப் பின்னால ஒரு தங்கச்சி இருக்கா."

"சரிம்மா" என்றாள். என் பிள்ளை சொன்ன சொல் தட்டாதவள்.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். சம்பந்தகாரி அவளுக்கென்று தனிச் சட்டி வைத்துச் சமைத்தாள். ஜெர்மன் சண்டை தொடங்கி எல்லாச் சாமானும் விலை ஏறிக் கிடந்த நேரத்திலும் மருமகளுக்கு நெய் குறைத்ததில்லை. அப்புறம் பிள்ளை உண்டானாள். ஐந்தாம் மாசம் சம்பந்தகாரிக்கு ஒரு கவலை வந்துவிட்டது. மெலிந்த உடம்பு, இடுப்பில் வலுவில்லை, உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் உள்ளே போகாமல் எப்படிப் பிள்ளை பெறுவாள்? நேர்த்திதானே குறுக்கே நிற்கிறது? யாரிடமும் சொல்லாமல் திருச்செந்தூருக்குப் போனாள். மருமகளுக்குப் பதிலாகத் தான் முடி இறக்கினாள். சந்நிதியில் எண்ணெய் வாங்கி விளக்குப் போட்டு, என் மருமகளை விட்டுரு முருகா, அவ கடனை நான் தீர்த்துட்டேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள்.

வந்த மறுநாள் காலையில் கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டினாள். நடுவில் குழி பறித்து எண்ணெய் ஊற்றினாள். என் மகள் நெற்றியில் திருநீறு பூசி, தன் கையாலேயே உருட்டி ஊட்டப் போனாள். "வேண்டாம் அத்தை" என்றாளாம் என் மகள். "சாமியே விட்டாச்சு, நீ ஏம்ட்டி பயப்படுத?" என்றாளாம் இவள். திரும்பவும் "வேண்டாம் அத்தை, எனக்கு வேண்டாம்" என்றாளாம். ஏன் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. மொட்டைத் தலையோடு எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து அழுதாளாம். பிறகு வாயைத் திறந்தாள். மூன்று உருண்டை தின்றாள்.

எனக்கு ஆள் வந்து, நாங்கள் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தபோது நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். உதடு வீங்கி, முகம் அடையாளம் தெரியவில்லை. இரண்டு வயதில் நான் தூக்கிக்கொண்டு ஓடிய அதே முகம். ஐயோ, நான் பெற்ற மகளே! வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

சம்பந்தகாரி ஓடிவந்து என் காலில் விழுந்தாள். "சம்பந்தியம்மா, சாமி கடனை நான் ஒழுங்கா எறக்கலை. எங்கயோ கொறை வச்சிட்டேன். ஒங்க பிள்ளையை நானே கொன்னுட்டேன்." மொட்டைத் தலையைத் தரையில் மடார் மடாரென்று மோதினாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஊரே கூடியிருந்தது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது மகள் பின்னால் நின்றாள், பதினொரு வயது. "சாமி காரியம். நாம என்ன செய்ய?" என்று சொல்லி சம்பந்தகாரியைத் தூக்கி நிறுத்தினேன்.

இரண்டாவது பெண்ணைக் கேட்டு வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். நேர்த்தி இல்லை, எள் ஆகாது, தின்றால் செத்துப்போவாள் என்று வாசலிலேயே சொன்னேன். மூன்று இடம் தட்டிப்போயிற்று. நாலாவது இடத்தில் கட்டிக்கொண்டார்கள். அவள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல முடிந்தது. சம்பந்தகாரியிடம் மட்டும் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த தடவை சொல்லலாம் என்று வருஷங்கள் போய்விட்டன.

அவள் அதற்குப் பிறகு முடி வளர்க்கவில்லை. ஒரு வேளைதான் சாப்பிட்டாள். வருஷா வருஷம் திருச்செந்தூருக்கு நடந்தே போய்க் குற்றம் பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவாள். திரும்பும் வழியில் என் வீட்டில் தங்குவாள். கால் வெடித்து ரத்தம் கசியும். நான்தான் வெந்நீர் வைத்துக் கழுவிவிடுவேன். கடைசியாக வந்தபோது, இலையின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சம்பந்தியம்மா, இத்தனை வருசம் ஆச்சே. முருகன் என்னை மன்னிச்சிருப்பாரா?"

"மன்னிச்சிருப்பாரு. சாப்பிடுங்க" என்று சொல்லி மோரை ஊற்றினேன்.