நட்டவரே எடுத்த முட்டு

முட்டுக்காரர் என்ற பேரை அவள் முதன்முதலில் கேட்டது கல்யாணப் பேச்சு நடந்த அன்றுதான். "மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கறாரே" என்று அவளுடைய சித்தி இழுத்தாள். மாப்பிள்ளையின் தம்பி முந்திக்கொண்டான். "அண்ணன் நிலக்கரிச் சுரங்கத்துல முட்டுக்காரர் அத்தை. கூரைக்கு மரம் முட்டுக் கொடுத்து, இடுக்குல ஆப்பு அடிக்கிற வேலை. மலைக்கே ஆப்பு வைக்கிறவர் நம்மகிட்ட என்ன பேசப்போறார்?" அடுப்படியில் நின்றவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

தாய் தகப்பன் இல்லாத அந்தக் கொழுந்தன் அவள் கையால்தான் சாப்பிட்டான். அவனும் சுரங்கத்தில் கரி அள்ளப் போனான். "பயப்படாதீங்க அண்ணி, அண்ணன் நட்ட மரம் பேசும்" என்பான். உண்மைதான். பாரம் ஏறினால் மரம் முனகும். அந்த முனகலைக் கேட்டு ஆட்கள் ஓடிவந்துவிடலாம்.

ஒருநாள் மரம் முனகுவதற்கு முன்பே கூரை இறங்கிவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவன் கொழுந்தன் ஒருவன்தான்.

வேலை முறை முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த முட்டுக்காரர் சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடினார். வாசற்படியில் நின்று அவள் சொன்னாள்: "தம்பியக் கூட்டிட்டு வாங்க. தனியா மட்டும் வந்துடாதீங்க."

அடிக்கொரு மரமாக நட்டுக்கொண்டே அவர் இடிந்த கல்லை நோக்கிப் போனார். முதலில் கல்லுக்கு அப்பாலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டதாம். பிறகு அது நின்றுபோனது. அப்போதும் அவர் விடவில்லை. கடைசியில், அவர் நட்ட மரங்களெல்லாம் ஒன்றாக முனகத் தொடங்கின. அந்தக் கூரையை அப்படியே தொங்கவிட்டால் பாரம் முழுக்கப் பக்கத்துப் பாதையில் இறங்கும். அங்கே மற்ற ஆட்கள் இருந்தார்கள். முட்டுகளை இழுத்துக் கூரையை விழவைத்துவிட வேண்டியதுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

பொழுது சாய அவர் திரும்பினார். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"நான்தான் எடுத்தேன்."

"ஏங்க நீங்க? வேற ஆளே இல்லையா?"

"நட்டவனுக்குத்தான் எத முதல்ல எடுக்கணும்னு தெரியும். வேறொருத்தன் மரத்துல சங்கிலி கட்டி இழுத்தா, அவனும் உள்ள கிடப்பான்."

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "ஏதோ பதட்டத்துல சொல்லிட்டேங்க. உள்ள வாங்க."

"தனியா வந்துட்டேனே" என்றார். அவ்வளவுதான்.

உறவுக்காரர்கள் எல்லாரும் வந்து வீட்டுக்குள் வரச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அவர் காலில்கூட விழுந்தாள். அவர் படியேறவில்லை. இப்போது அவர் சுரங்க வாசலில் விளக்கறையில் இருக்கிறார். உள்ளே இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிறார், படுக்கையும் அங்கேதான். சாப்பாடு அவள் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.