நீதிமன்றத்துப் புல் பாதியில் நின்ற நாள்

எங்கள் மாவட்ட நீதிமன்றத்தைக் கட்டியவன் ஒரு கிறுக்கன். நாலு பக்கமும் படிக்கட்டு, உச்சியில் நாலு முகக் கடிகாரம், வாசலுக்கு வாசல் கல் சிங்கம் என்று காசை வாரி இறைத்தவன், குளிரில் அறைகளைச் சூடாக்கும் வெப்பக்காற்றுக் குழாயை மட்டும் யோசிக்காமல் வைத்துவிட்டான். தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஜூரிகள் கூடிப் பேசும் மாடியறையிலிருந்து அது நேராக அடித்தளத்துக் கொதிகலன் அறைக்கு இறங்கியது. மேலே ஒருவர் இருமினால் கீழே கேட்கும்.

இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பராமரித்த ஹார்லன் வீஸ். அங்கேயே நிலப் பத்திரங்களைப் பதிவு செய்துகொண்டிருந்த நான். ஜூரி அறைக் கதவு சாத்தப்பட்டதும், அவர்கள் பேச்சு காதில் விழக்கூடாதென்று ஹார்லன் வெளியே போய்விடுவார். கோடையில் புல் வெட்டுவார், குளிரில் பனி அள்ளுவார், மழை கொட்டினால் மேப்பிள் மரத்தடியில் நனைந்துகொண்டு நிற்பார். இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான்.

"ஹார்லன், நீ புல்லு வெட்டுறியா, சவரம் பண்றியா?" என்று எதிர்க்கடை முடிதிருத்துபவர் டக்லஸ் கத்துவார். ஹார்லன் சிரிப்பதோடு சரி.

அந்த ஜூன் மாதம் அவருடைய தம்பி லீலண்ட் மீதே வழக்கு. மேய்ச்சல் நிலத்தை அவனுக்கு விற்க மறுத்த செல்மா ஹல்ட்கிரென் என்ற விதவையின் மாட்டுக் கொட்டகைக்குத் தீ வைத்தான் என்பது குற்றச்சாட்டு. பதினொரு கறவை மாடுகள் வெந்து செத்தன. தம்பி கூண்டில் நிற்பதைப் பார்க்கமாட்டேன் என்று ஹார்லன் விசாரணைப் பக்கமே போகவில்லை.

ஜூரிகள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தேன். புல் பாதி வெட்டியிருந்தது. வெட்டும் வண்டி தனியாக நின்றது. அடித்தளத்துக்கு இறங்கினேன். ஹார்லன் குழாயடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஹார்லன் இது? எழுந்து வாங்க."

"சும்மா இரு மாவிஸு. அவன் என் தம்பி."

குழாயில் ஒரு ஜூரியின் குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமை தீ பிடிச்சது நாலு மணிக்கு. அப்ப லீலண்ட் எட்டு மைல் தள்ளி இந்தப் புல்வெளில நின்னு டக்லஸ்கிட்ட மணி கேட்டிருக்கான். டக்லஸ் கோபுரத்தைப் பாத்து நாலுன்னு சொல்லியிருக்காரு. அவரு பொய் சொல்ற ஆளில்லப்பா."

ஹார்லனின் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கடிகாரத்தை நான் நிறுத்தினேன். பல்சக்கரத்துல புறாக்கூடு. எடுத்து முடிக்க ரெண்டு மணி நேரமாச்சு. அதுவரைக்கும் நாலு முகமும் நாலுதான் காட்டிச்சு."

"யாருக்காவது தெரியுமா?"

"லீவு நாளு, கட்டடத்துக்குள்ள வேற யாரிருந்தா?"

நீதிபதியின் அறை ஒரு மாடி மேலே. போய்ச் சொன்னால் ஒட்டுக்கேட்டவர் என்று வேலை போகும்; தம்பி சிறைக்குப் போனாலும் போவான். சொல்லாவிட்டால் செல்மாவுக்கு நியாயம் இல்லை.

"அவன் நெசமாவே நாலு மணிக்கு இங்க இருந்திருக்கலாம்ல?" என்றார், கெஞ்சுவது போல.

"இருந்திருக்கலாம்," என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

ஆனாலும் ஹார்லன் எழுந்து படியேறினார். நீதிபதியின் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். ஜூரிகள் முடிவுக்கு வந்துவிட்டதாக மணி அடித்தது. கையை எடுத்துவிட்டார்.

குற்றவாளி அல்ல என்றார்கள்.

வெளியே தெற்குப் படிக்கட்டில் லீலண்ட் ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். அவன் காதோடு சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அன்னைக்குக் கடிகாரக் கோபுரத்து மேல உன் தலை தெரிஞ்சுதுண்ணே. அஞ்சரை மணிக்கு முள்ளு நாலுல நிக்குது! அப்பத்தான் டக்லஸைக் கூப்பிட்டு மணி கேட்டேன். நீதான் என்னைக் காப்பாத்தின."

ஹார்லன் பதில் சொல்வதற்குள் செல்மா எங்களிடம் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"பன்னெண்டு பேரு கேட்டுட்டுச் சொல்லிட்டாங்க. உங்க தம்பியைப் போயி சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க ஹார்லன்," என்று கையை நீட்டினாள்.

ஹார்லன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.