முதிரைப் பெட்டி

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு வன்னிக்கு ஓடிவந்தபோது நாங்கள் கொண்டுவந்தது ஒரேயொரு தேயிலைப் பெட்டி. உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய மெல்லிய பலகைப் பெட்டி. அதில்தான் என் பிறப்புப் பத்திரம் இருந்தது. நான் இந்த நாட்டில் பிறந்தவள் என்று சொல்ல எனக்கு வேறு சாட்சி இல்லை. கனகராயன்குளத்துக் குடிசையில் இரண்டாம் மாரி முடியுமுன் கறையான் பெட்டியின் அடியைத் தின்று மேலே வந்துவிட்டது. பத்திரத்தின் ஓரம் போய்விட்டது. பெயரும் இலக்கமும் தப்பின. வந்த ஆத்திரத்தில் பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்தேன்.

அடுத்த நாளே றோட்டோரத் தச்சுப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தச்சர், பலகை எடுக்குமுன் எல்லோரிடமும் ஒன்று கேட்பார்: "எத்தினை வருசத்துக்கு நிக்கவேணும்?" பதிலைப் பார்த்துத்தான் மரம் இறங்கும். எனக்கு முன்னால் அலுமாரிக்கு வந்தவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. கடதாசி வைக்க ஒரு சின்னப் பெட்டி, பலகை தந்தால் நானே அடித்துக்கொள்வேன் என்றதும் ஒரு மாம்பலகையை உருவிப் போட்டார்.

"உங்களுக்கு இது காணும் பிள்ளை. எப்பிடியும் இந்தியாவுக்குத்தானே போகப்போறியள்."

எனக்குச் சுருக்கென்றது. மலைத் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம்தான் அது; ஆனால் நானும் போவேன் என்று யார் சொன்னது இவருக்கு? மாம்பலகை கறையானுக்கு விருந்து என்று தெரியாத ஆளா இவர்?

"என்கிட்டயும் கேளுங்க அண்ணே."

"எதை?"

"எத்தன வருசத்துக்குன்னு."

போட்ட மாம்பலகையை எடுத்துத் திரும்ப அடுக்கில் வைத்தார். பிறகு கேட்டார்.

"நான் செத்த பொறகு எம் புள்ளைங்க தொறந்து பார்க்கிற வரைக்கும்," என்றேன்.

ஜன்னல் நிலை அறுத்து மிஞ்சிய முதிரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார்; கறையான் தொடாத, இரும்புபோல் இறுகிய வன்னிக் காட்டு மரம் அது. "இது உங்கட கைக்கு அடங்காது," என்றார்.

அடங்கத்தான் இல்லை. தேயிலைக்கு நிழல் தரும் மெத்தென்ற மரத்தை மலையகத்தில் சவுக்கு என்போம்; அந்தப் பலகையில் ஆணி வாழைத்தண்டில் இறங்குவதுபோல இறங்கும். அந்தப் பழக்கத்தில் முதிரையிலும் சுத்தியலை ஓங்கினேன். ஒன்பது ஆணி வளைந்தது. பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். மறுநாள் பட்டறையில் துறப்பணத்தை இரவல் வாங்கி, ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் ஓட்டை போட்டு அடித்து முடித்தேன். நாலு மூலையும் கோணல், ஆனாலும் மூடி இறுக மூடியது. பெட்டியை வேண்டுமென்றே மண் தரையிலேயே வைத்தேன். கறையான் வந்தது, சுற்றிச் சுற்றி மண் கட்டியது, உள்ளே போக முடியாமல் விட்டுவிட்டது.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து இன்னொரு குடும்பம் ஓடிவந்தது. நான் மண்வெட்டிப் பிடிக்காகப் பட்டறையில் நின்றபோது அந்த வீட்டு ஆள் கதவுக்குப் பலகை கேட்டு வந்தார். தச்சர் மாம்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

"எத்தினை வருசத்துக்கு நிக்கவேணும்?" என்று கேட்டார்.

வந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"முதிரையையே எறக்குங்க அண்ணே," என்றேன். "இவங்களும் எங்கயும் போகமாட்டாங்க."