கழற்றி வைத்த தொப்பி

ஹெட் கான்ஸ்டபிள் வெள்ளைத்துரையைத் திட்டாமல் அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது. நல்ல மனிதர். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

1973இல் மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நான் டிரில் மாஸ்டர். பையன்களிடம் கஞ்சாப் பழக்கம் பரவுகிறது என்று மேலிடம் அவரை அனுப்பியது. வெள்ளிக்கிழமைதோறும் கடைசி பீரியடுக்கு வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கூடப் பிறந்த தம்பியைக் கஞ்சாவுக்குப் பறிகொடுத்தவர். வந்ததும் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார்.

“ஏ மக்கா, தொப்பியக் கழட்டியாச்சு. இனி நான் போலீஸ் இல்ல, ஒங்க மாமன். எது சொன்னாலும் இந்த ரூமத் தாண்டாது.”

முதலில் கேலி செய்த பையன்கள் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். நானும் மயங்கிப்போனேன்.

ஸ்ரீரங்கன் பதினோராம் வகுப்பு. கணக்கில் நூற்றுக்கு நூறு. இரண்டு மாதமாகக் கண் சிவந்து வந்தான். மைதானத்து மூலையில் நிறுத்தி அதட்டினேன். உடைந்து அழுதான்.

“விட்டுடணும்னுதான் சார் பாக்கறேன், முடியலை. ஆத்துல தெரிஞ்சா அப்பா உசிரை விட்டுடுவார்.”

“வெள்ளைத்துரைகிட்ட சொல்லுடா, அவர் பாத்துப்பார்” என்றேன். இந்தப் பாழும் வாயால் நான்தான் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை பையன் தன்னிடமிருந்த நான்கு பொட்டலங்களையும் அவர் கையில் கொடுத்து, வாங்கிய வெற்றிலைபாக்குக் கடையையும் சொன்னான். அவர் அவன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

போகிற வழியில் சாக்கடையில் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? அங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸில், கைக்கு வந்த பொருளை ஸ்டேஷன் டைரியில் எழுதாமல் விட்டதே இல்லை. கொடுத்தவர் பெயரையும் எழுதித்தான் பழக்கம். எழுதினார். கடைக்காரனைப் பிடிக்க உதவும் என்று நம்பினாராம். அவனிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர், கடையை விட்டுவிட்டுப் பையனைப் பிடித்தார்.

திங்கட்கிழமை பியூன் கலீமுல்லா ஓடிவந்தான். “இன்னா சார் அநியாயம், நம்ம ஸ்ரீரங்கன் ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறான்!”

நான் போனபோது வெள்ளைத்துரை இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் டைரியைத் திருப்பிக் காட்டி, “இது உன் கையெழுத்துதானே?” என்று கேட்டார்.

ஜாமீன் கிடைத்தது. ஆனால் பள்ளியின் பெயர் கெட்டுவிடுமாம். ஹெட்மாஸ்டர் மறுநாளே டி.சி. எழுதிவிட்டார். பப்ளிக் பரீட்சைக்கு இருபதே நாள். இன்ஜினீயராக வேண்டியவன், பிறகு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இரும்பு ராவினான்.

டி.சி. வாங்க அப்பா ராமானுஜத்துடன் வந்தான். வராந்தாவில் காத்திருந்த வெள்ளைத்துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.

“தம்பி, நான் உள்ளதத்தான்டே எழுதுனேன். இப்படி ஆவும்னு நெனைக்கல.”

ஸ்ரீரங்கன் நின்றான். “தொப்பியைப் போட்டுக்கோங்கோ சார். அதைக் கழட்டினதாலதான் நான் சொன்னேன்.”

அப்பா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வெள்ளைத்துரை வந்தார். டியூட்டி ஆயிற்றே! தொப்பியைக் கழற்றாமலே, கஞ்சா உடம்புக்குக் கெடுதல் என்று மணி அடிக்கும்வரை பேசினார். ஒரு பையனும் வாயைத் திறக்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த நானும்தான்.