ஏசி போட்டுக் காயவைத்த சுவர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை, அடுத்தவர் பொருளைத் தொடாமல் வளர்த்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் சுண்ணாம்புக் கலவையில் எனக்குச் சொல்லித்தர இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

திருவள்ளூரில் வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம் ஒன்று. அதைப் பழையபடியே புதுப்பித்து, அதிகாரிகள் கூட்டம் போட ஏசியும் வைப்பதென்று முடிவானது. 'பழையபடியே' என்று பலகை எழுதி மாட்டிவிட்டு, முதல் வேலையாக மேலே இருந்த காற்றுத் துவாரங்களை அடைத்தார்கள். குளிர் வெளியே போய்விடுமாம்.

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவை குழைப்பது என் பொறுப்பு. பூசி முடித்ததும் என்ஜினியரிடம் சொன்னேன்.

"சார், மூணு வாரம் ஈரச் சாக்கு போத்தி வெக்கணும். சீக்கிரம் காஞ்சா வெடிச்சுடும்."

"பத்து நாள்ல தெறப்பு விழா ஆயா. ஏசியப் போட்டா ஒரே நாள்ல காஞ்சுடும்."

"இன்னா சார், பொடவையா காயப்போடுறோம்?"

சிரித்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தி, ஏசி ஓடியது ஓடியபடியே இருந்தது. காவல்காரர் தனக்கு ஒரு போர்வை வாங்கிக்கொண்டார்.

விழாவுக்கு முன்தினம் சுவர் முழுக்க விரிசல். கை வைத்தால் பொருக்கு உதிர்ந்தது. பெரிய அதிகாரி வந்து காரணம் கேட்டார். என்ஜினியர் பக்கத்தில் நின்ற எங்கள் மேஸ்திரி யோசிக்கவே இல்லை.

"ஆயா வெல்லத்த ஊட்டுக்கு எடுத்துக்கினு பூடுச்சு சார். அதான் புடிமானமில்ல."

நான் குறுக்கே புகுந்தேன்.

"அடப்பாவி, எனக்கு சக்கர நோவுடா! வெல்லத்த எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவேன்? வாங்க சார், காட்டுறேன்."

பின்பக்கச் சிறிய அறைக்கு ஏசி வந்து சேரவில்லை. அதனால் அங்கே நான் சாக்கு போர்த்தி, தினமும் தண்ணீர் தெளித்து வந்திருந்தேன். சாக்கை விலக்கினேன். அதே கலவை, அதே கை. ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

அதிகாரி சுவரைத் தடவிப் பார்த்தார். "இங்க ஜில்லுனு இருக்கே!" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்தார். நாஷ்டாவும் அங்கேயே வந்தது. சாப்பிட்டு எழுந்ததும், "இவ்வளவு நல்ல ரூம், இதுக்கும் சீக்கிரம் ஏசி போடுங்க" என்றார்.

விரிசலுக்கு மேல் திரை கட்டி விழா நடந்தது. அறிக்கையில் 'வெயில் காரணமாக விரிசல்' என்று எழுதினார்களாம். வெல்லத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. டீக்கடையில் மேஸ்திரி இன்னும் கேட்கிறான்: "ஆயா, டீக்கு வெல்லம் கொண்ணாந்தியா?"

அதனால்தான் நானே எழுதினேன்.

பேராண்டி, இப்டி வா. இத்த ஒருக்கா படிச்சுக் காட்டு. நான் வெல்லம் எடுக்கலைன்றது அதுல வந்துக்குதான்னு பாரு. அந்த எடத்தச் சத்தமா படி, டீக்கடை வரைக்கும் கேக்கட்டும்.