மீரான் ராவுத்தரின் உள்ளங்கைச் சூடு

காலை ஏழரை மணிக்கு மீரான் ராவுத்தரின் மகள் நூர்ஜஹான் போன் செய்தார்.

"அத்தா மவுத்தாயிட்டாக சார். மதியத் தொழுகை முடிஞ்சதும் எடுக்கிறோம்."

"சரிம்மா" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டுச் செய்தித்தாளை விட்ட இடத்திலிருந்து படித்தேன். பக்கம் முடிந்த பிறகுதான் ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை என்று தெரிந்தது. சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தேன். அழுகை வரவில்லை. நான்காம் நாளான இன்றும் வரவில்லை.

நம் பள்ளியின் பழைய மாணவர்கள் மலருக்கு மீரான் ராவுத்தரைப் பற்றி எழுதக் கேட்டார்கள். இளையவர்கள் அவரை ஏலக்காய் ஏல மையத்துப் பக்கம் சல்லடையும் தராசும் பழுது பார்த்த பெரியவராகத்தான் அறிவார்கள். அதற்கு முன் அவர் நம் பள்ளி என்.சி.சி. மாணவர் படையின் ஆயுத அறைப் பொறுப்பாளர். "கவனக்குறைவு" என்று எழுதி அவரை அனுப்பினார்கள். அந்தச் சொல் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தக் கட்டுரை.

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே என் இயற்பியல் ஆய்வகத்துக்குத் தேடி வந்தார். அலமாரிக் கதவு ஒன்று திறக்கவில்லை. நான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"இருங்க வாத்தியாரே, கதவு என்ன குத்தம் பண்ணுச்சு? நடுவுல எதுவோ வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது. அதக் கண்டுபிடிப்போம்."

கீழே குனிந்து, இடுக்கிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை ஊசியால் தள்ளி எடுத்தார். கதவு திறந்தது. அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள். மாணவர் படைக்கு ஆசிரியர் அதிகாரி நான். ஆயுத அறை அவருடையது. அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். எதையும் வலிந்து திருப்ப மாட்டார். கட்டை விரலை வைத்து, எந்த இடத்தில் மறுக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வார். காதால் அல்ல, விரலால்.

ஒரு டிசம்பரில், போடிக்கு மேலே குளிர் மலையிலுள்ள போடிமெட்டில் முகாம். செயல்விளக்கத்துக்காக ஒரு தானியங்கித் துப்பாக்கி வந்திருந்தது. ஒரு குண்டு வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. அதன் பக்கவாட்டில் கட்டை விரலால் தள்ளும் சின்ன நெம்பு ஒன்று உண்டு, சேப்டி என்பார்கள். ஒரு பக்கம் தள்ளினால் சுடும், மறுபக்கம் தள்ளினால் சுடாது. ஓர் உயிர் அந்த நெம்பின் அரை அங்குல நகர்வில் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வோம்.

முகாமுக்கு முதல் நாள் நூர்ஜஹானைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து வந்தார்கள். ராவுத்தர் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தொடச்சு மட்டும் வைங்க. எண்ணெய் நான் வந்து போட்டுக்கிறேன். நீங்க தொடாதீக."

"போங்க ராவுத்தரண்ணே, மாப்ள வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்கப் போறாக. இந்தச் சோலிய நான் பாத்துக்கிறேன்."

துடைத்தேன். சேப்டி வறண்டு உரசுவதுபோல் தோன்றியது. அவர் வந்து சிரமப்பட வேண்டாமே என்று எண்ணெய்ப் புட்டியைத் தேடினேன், காலியாக இருந்தது. அலமாரியில் நான் தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் இருந்தது. இரண்டு சொட்டு விட்டேன். போடி வெயிலில் நெம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்தேன். இரவு வந்த ராவுத்தரிடம், "எல்லாம் முடிஞ்சது, நீங்க போய்ப் படுங்க" என்றேன். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பினார்.

ஆண்டுதோறும் டிசம்பர் காலைக் குளிரில் உறைந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வகுப்பில் தூக்கிக் காட்டித்தான் உருகுநிலைப் பாடத்தைத் தொடங்குவேன். என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே மனிதன்தான் இந்தக் காரியத்தையும் செய்தேன்.

விடியற்காலை ஜீப்பில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போனோம். மூச்சு புகையாக வந்தது. வந்திருந்த அதிகாரி மண்மேட்டை நோக்கி இரண்டு முறை சுட்டுக் காட்டினார். பிறகு சேப்டியைத் தள்ளினார். அது பாதி வழியில் நின்றது. பூட்டிவிட்டது என்று நினைத்து, "இப்போது அழுத்தினாலும் சுடாது, பாருங்கள்" என்று விசையை அழுத்தினார். குண்டு அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் இறங்கியது. பின்னால் நாற்பது மாணவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இன்றும் அந்த வாக்கியத்தை மெதுவாகத்தான் எழுத முடிகிறது.

ராவுத்தர் ஓடவில்லை, நடந்து வந்தார். துப்பாக்கியை வாங்கி, முனையை மண்மேட்டுப் பக்கமே வைத்து, குண்டுப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே குண்டு இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்தார். அதன் பிறகே நெம்பில் கட்டை விரலை வைத்தார். பாதியில் மறுத்தது. வலிந்து தள்ளவில்லை. தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து நெம்பைக் கழற்றினார். அதன் தண்டில் வெள்ளையாக மெழுகுபோல ஏதோ படிந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு சும்மா இருந்தார். சிறிது நேரம் கழித்துத் திறந்தபோது வெள்ளை உருகி, கை பளபளத்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"என்ன வாத்தியாரே, ஒங்க தலை வாசம் இதுலயும் அடிக்குது?"

சிரிக்கவைக்கத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கூடாரத்தில் விசாரணை நடந்தது. "எண்ணெய் போட்டது யார்?" என்று அதிகாரி கேட்டார். நான் ராவுத்தருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அந்த மாதம் என் பெயர் இருந்தது.

"என் பொறுப்புல இருந்த துப்பாக்கி சார். என்னையத்தான் கேக்கணும்" என்றார் ராவுத்தர்.

அவர் பொய் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. நான் பேசவே இல்லை.

அடுத்த வாரம் அவர் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் ஏல மையத்துப் பக்கம் கடை போட்டார். இருபது வருடங்களுக்கு மேல், வாரம் மூன்று நாளாவது அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, "அண்ணே, அன்னைக்கு மேட்டுல..." என்று தொடங்கினேன். சல்லடைக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீ ஆறுது வாத்தியாரே. ஒங்க கையில சாவியக் குடுத்தவன் நான்தான?" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. டீயைக் குடித்தேன்.

அடக்கத்தன்று எல்லோரையும்போல நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் நூர்ஜஹானிடம் காட்டுவதுதான் முறை என்று இன்று காலை எடுத்துப்போனேன். கடையின் பாதிக் கதவு திறந்திருந்தது. நின்றுகொண்டே படித்தார். முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

"எங்க அம்மா கண்ண மூடுற வரைக்கும் அத்தாவ ஏசுச்சு சார். கவனமில்லாத மனுசன், நல்ல வேலையத் தொலச்சுட்டு வந்த மனுசன்னு. அத்தா ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல."

நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பார்த்தார்.

"நீங்க வீட்டுக்கு வந்திருக்கீக. அம்மா ஒங்களுக்குச் சோறு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தாள்களை என்னிடம் நீட்டினார். "போடுங்க. ஒரு எழுத்தக்கூட மாத்தாமப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னபடி மேலே எதையும் மாற்றவில்லை. இன்று காலை நடந்ததை மட்டும் சேர்த்திருக்கிறேன்.

அங்கிருந்து அடக்கத்தலத்துக்குப் போனேன். மலைப் பக்கமிருந்து சாரல் விழுந்து மண் ஈரமாகிச் சில்லென்று இருந்தது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். சூடேறும் வரை காத்திருந்தேன். வெகு நேரம் ஆயிற்று. பிறகு அதை அவர் தலைமாட்டில் வைத்தேன்.

போய் வாருங்கள், ராவுத்தரண்ணே. எண்ணெய் போட்டது நான்.