சத்தமாகச் சமைத்த வருடங்கள்

1. காபி கொட்டிய நாள்

ஜவ்வாது மலையில் பார்வை இழந்த ஒரு பிரெஞ்சு மேடம் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தேன். முதல் நாளே அவர் கையில் சூடான காபி கொட்டியது. காபி டம்ளரோடு, வெறுங்காலில் ஓசையில்லாமல் போய் அவர் பின்னால் நின்றிருந்தேன். "யார்?" என்றார். கூச்சத்தில் எனக்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் எதிரில் பேசாமல் வேலை பார்ப்பதுதான் மரியாதை என்று எங்கள் வீட்டில் பழக்கியிருந்தார்கள். அவர் திடுக்கிட்டுத் திரும்பியதில் டம்ளர் சாய்ந்துவிட்டது.

அங்கே ஜீப் ஓட்டிய ஏழுமலை அண்ணன் சந்தவாசல்காரர். புதுச்சேரியில் வண்டி ஓட்டியபோது பிரெஞ்சு கற்றவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, வாய்ல கொழுக்கட்டையா? கண்ணு தெரியாதவங்க வூட்ல பூனை மாதிரி நடக்குற. செய்ற வேலைய சொல்லிக்கினே செய்."

"அவங்க பாஷை தெரியாதேண்ணா."

"ஒரு வரி போதும்."

2. அந்த வரி

ஜெ சுயி ஆன் த்ரேன் து. 'செய்துகொண்டிருக்கிறேன்' என்பதில் வரும் நம் 'கொண்டிருக்கிறேன்' இதுதான். இதன் பின்னால் வேலையின் பெயரைச் சேர்க்க வேண்டும். கூப்பே என்றால் நறுக்குவது, லாவே கழுவுவது, பலேயே பெருக்குவது.

பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் எல்லாவற்றுக்கும் இந்த வரியைப் போடுவதில்லை. நடக்கிற வேலைக்கு 'நறுக்குகிறேன்' என்ற சாதாரண சொல்லே போதும். வேலையின் நடுவில் இருக்கிறேன், இன்னும் முடியவில்லை என்று அழுத்திச் சொல்லத்தான் இந்த வரி. நான் எல்லாவற்றுக்கும் போட்டேன். மேடம் சிரிப்பாரே தவிரத் திருத்தமாட்டார். நான் அடுப்படியில் இருக்கிறேனா, தோட்டத்தில் இருக்கிறேனா என்று என் குரலை வைத்துத்தான் வீட்டுக்குள் நடந்தார். கூடத்திலிருந்து அவரும் பதிலுக்குச் சொல்வார். ரேடியோவில் சில பாட்டு வந்தால் அழுதுகொண்டிருக்கிறேன் என்பார். அழுவது, ப்ளெரே.

சாமை புடைக்கிற சத்தத்தை மீறிக் கத்துவேன். பிறந்ததிலிருந்து அவ்வளவு பேசியது அந்தச் சமையலறையில்தான்.

3. மகள் வந்தபோது

மேடத்தை அழைத்துப்போய் முதியோர் இல்லத்தில் சேர்க்க அவர் மகள் பிரான்ஸிலிருந்து வந்தார். மலையைவிட்டு வரமாட்டேன் என்றார் மேடம். ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மகள் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புது ஆள் எதிரில் எனக்குப் பழைய கூச்சம் திரும்பிவிட்டது. காலையெல்லாம் ஒரு வரிகூட வரவில்லை. என் குரல் கேட்காமல் மேடம் வழி தப்பித் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டார். மகள் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார்.

"இட்டுக்கினு போய்ட்றேன்றாங்க," என்றார் அண்ணன். "இன்னிக்குன்னு பாத்து ஏம்மா நீ..."

அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கூடத்திலிருந்து மேடம் பிரெஞ்சில் கேட்டார்.

"ஜெ சுயி ஆன் த்ரேன் து ப்ளெரே."

"வெங்காயம்?" என்று தமிழில் கேட்டார்.

"இல்லீங்க."

கம்பை எடுக்காமல் எழுந்தார். கூடத்தைத் தாண்டி, படியைத் தாண்டி, என் விசும்பலைப் பிடித்துக்கொண்டு நேராக வந்து தலையில் கை வைத்தார். மகள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். "எப்பவும் பேசிக்கினே இருப்பியான்னு அவங்க பொண்ணு கேக்குறாங்க."

"இருப்பேன்னு சொல்லுங்கண்ணா."

"நீயே சொல்லு."

சொன்னேன். மகள் தனியாகத்தான் ஊர் திரும்பினார். மேடம் கடைசிவரை மலையிலேயே இருந்தார்.

இப்போது ஒரு விடுதியில் சமைக்கிறேன். புதிதாக வீட்டுச் சமையலுக்குப் போகும் பெண்களிடம் சொல்வது ஒன்றுதான்: ருசியாகச் சமைத்தால் மட்டும் போதாது, நீங்கள் பக்கத்தில் இருப்பது அந்த வீட்டு ஆளுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

என் வீட்டில் கீரை ஆயும்போது அந்த வரி தானாக வரும். வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"யார்கிட்ட பேசிக்கினு இருக்குற?"

"கீரை ஆய்ஞ்சிக்கினு இருக்கேன்" என்பேன்.